மொறிஸ் மைனர் பிக்கப்பில் சுசுகி எஞ்சின்: அக்சிலில் தொடங்கி வயரிங் வரை

பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றுக்கு எஞ்சின் மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினை அல்ல, பின் அக்சிலை. யாழ்ப்பாணத்தில் பாதியில் நின்றுபோன வேலைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வரிசை தலைகீழானதுதான். கைக்கு அகப்பட்ட எஞ்சினை வாங்கி, பொனற்றுக்குள் இறக்கி, மவுண்ட் ஒட்டி, வண்டி ஓடவும் தொடங்கும். பிறகு மூட்டை ஏற்றிய நாளில் அக்சில் ஷாஃப்ட் அதன் பல்லடியில் முறியும், அல்லது பிறேக் பிடித்தும் வண்டி நிற்காது.

மைனர் பிக்கப் 1953இல் வந்தது. 803 சிசியில் தொடங்கி, 1956இல் 948, 1962இல் 1098 என்று எஞ்சின் வளர்ந்தது. 948 தந்தது 37 குதிரைவலு, 1098 தந்தது 48. பின் அக்சிலின் ஷாஃப்டும் கிறவுன் பினியனும் (இழுவையைச் சில்லுப் பக்கம் திருப்பும் பற்சக்கரங்கள்) அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. ரவுன்ஏஸ் வான்களிலிருந்து கழற்றிய ரொயோட்டா 7கே 1781 சிசி. நல்ல எஞ்சின், பாட்ஸும் கிடைக்கும். ஆனால் அதன் இழுவைக்கு மைனர் அக்சில் தாங்காது. அக்சிலை மாற்றினால் சில்லின் துளைவட்டம் (ஆணித் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு) மாறும், பிறேக் மாறும், பட்டை ஸ்பிறிங் இருக்கை மாறும். வேலை இரட்டிப்பாகும்.

நாங்கள் மாற்றிய பிக்கப்புக்குத் தெரிவு செய்தது சுசுகி ஜி13பிபி எஞ்சின். 1298 சிசி, 16 வால்வு, பெற்றோல் இன்ஜெக்சன், ஜிம்னியிலும் மாருதி ஜிப்சியிலும் நெடுக்காகப் பூட்டப்பட்டது. சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., பிஸ்ரன் ஓடும் நீளம் 75.5 மி.மீ. ஏறத்தாழ 80 குதிரைவலு. வலு கூடினாலும் முறுக்குவிசை அளவோடு நிற்பதால், பதமாகக் கிளச் விட்டு ஓட்டுபவரிடம் 1098 காலத்து அக்சில் பிழைக்கும். புளொக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் மொறிஸின் வார்ப்பிரும்பு எஞ்சினைவிடப் பாரம் குறைவு.

இதைவிடப் பெரிய காரணம் கியர்பொக்ஸ். ஜிப்சி நான்கு சில்லும் இழுக்கும் வண்டி. ஆனால் இழுவையை முன் பின் அக்சில்களுக்குப் பிரிக்கும் அதன் ட்ரான்ஸ்பர் கேஸ் கியர்பொக்ஸோடு ஒட்டியதல்ல, பின்னால் தனியாகத் தொங்குவது. ஐந்து கியர் பெட்டியின் வால் ஒரு பிளாஞ்சில் (போல்ற் பூட்டும் வட்டத் தகட்டில்) முடிகிறது. ட்ரான்ஸ்பர் கேஸை விட்டுவிட்டு அந்தப் பிளாஞ்சிலிருந்து நேரே பின் அக்சிலுக்கு ஷாஃப்ட் போடலாம். டைஹற்சு ரெரியோஸ் போன்ற வண்டிகளில் இந்த வசதி இல்லை. அங்கே நான்கு சில்லுப் பகுதி கியர்பொக்ஸோடு ஒன்றாக இருக்கும்.

அக்சில் விகிதத்தைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. ஐம்பது அறுபது வருடத்தில் எந்த வண்டிக்கு எந்த அக்சில் ஏறியதென்று யாருக்கும் தெரியாது. ஒரு பின்சில்லை நிலத்தில் அசையாமல் வைத்து, மற்றதைத் தூக்கிச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் கியர்பொக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். நாலரைக்குச் சற்று மேலென்றால் 4.55, நாலேகாலுக்குச் சற்றுக் கீழென்றால் 4.22. இந்த வண்டியில் 4.55. 155/80 ஆர்14 ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீற்றர். பழைய நாலாம் கியரில் மணிக்கு 70 கிலோமீற்றர் போக எஞ்சின் நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றவேண்டியிருந்தது. சுசுகியின் ஐந்தாம் கியரின் விகிதம் 0.795. இப்போது அதே வேகத்துக்கு 2225 போதும். கண்டி வீதியில் வவுனியா வரை போய் வருபவருக்கு இந்த வித்தியாசம் காதிலும் பெற்றோல் கணக்கிலும் தெரியும். அக்சிலை மாற்றாமலே கிடைத்த லாபம் இது.

வெட்டுவதற்கு முன்னர் கடதாசி வேலை. எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறப்போகின்றன. ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு தொடங்குங்கள். எஞ்சின் வாங்கும்போதே இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் விற்றவரின் பற்றுச்சீட்டையும் எஞ்சின் இலக்கத்தோடு எழுதுவித்து வாங்கவேண்டும். மூன்று மாதம் கழித்துப் போனால் கடைக்காரருக்கு அந்த எஞ்சின் நினைவிலேயே இராது. சசி இலக்கம் உள்ள தகட்டுக்கும் பொறிப்புக்கும் பக்கத்தில் அரைப்பதோ ஒட்டுவதோ கூடாது. அந்த இடத்தை முதலிலேயே படம் எடுத்து, நாடா ஒட்டி மூடிவிடுங்கள்.

கறளும் தகடும்

மைனர் காருக்கு உடலே சசி. பிக்கப்புக்குத் தனிச் சசி உண்டு. அதனால்தான் இவ்வளவு காலத்துக்குப் பின்னும் திருத்த முடிகிறது. ஆனால் குருநகர், காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் வெளிப்பூச்சை நம்பக்கூடாது. ஒரு சிறு சுத்தியலும் கூரிய ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே படுத்துத் தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் இரும்பு. "டப்" என்றால் உள்ளே கறள், அல்லது யாரோ அடைத்த பட்டி.

தட்டவேண்டிய இடங்கள்: பின் பட்டை ஸ்பிறிங்கின் முன் இருக்கையும் பின் சங்கிலியும், சசிப் பெட்டியின் அடித்தகடு, கபின் தரையின் இரு முன்மூலைகள், ஜக் வைக்கும் குறுக்குச்சட்டத்தின் முனைகள், முன் மட்காட்டின் உட்பக்கம், பின்பெட்டித் தரை மடிப்பு. ஸ்பிறிங் இருக்கையில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால் எஞ்சின் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அதை முதலில் முடிக்கவேண்டும்.

சசிக்கு 2.5 மி.மீ. தகடு, கபின் தரைக்கு 1.2 மி.மீ., பெட்டித் தரைக்கு 1.6 மி.மீ. மெல்லிய தகட்டில் வெல்டிங் குச்சியால் ஒட்டினால் துளை விழும். துளையை அடைக்கப் போய் இன்னொரு துளை விழும். காபனீரொட்சைட்டு வாயு வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி போட்டு, 25 மி.மீ. இடைவெளியில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, தகடு ஆறியபின் இடையிடையே நிரப்பினால் வளையாது. கறளின்மேல் புதுத் தகட்டைப் போர்த்துவது மிகக் கெட்ட வேலை. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, ஒரு மாரி கழிய இரண்டையும் தின்றுவிடும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறியவேண்டும்.

ஒட்டி முடிந்ததும் நாகம் கலந்த எப்பொக்சி அடிப்பூச்சு, அதன்மேல் நிறம். சசிப் பெட்டிக்குள் தூரிகை போகாது. 8 மி.மீ. துளையிட்டு, நீண்ட குழாயால் உள்மெழுகு விசிற வேண்டும். அடித்தகட்டில் தண்ணீர் வடிய ஒவ்வொரு அரை மீற்றருக்கும் ஒரு துளை விட்டுவையுங்கள். கழிவு ஒயிலை உள்ளே ஊற்றும் வழக்கம் ஊரில் உண்டு. கறளை அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்பிறிங் புஷ்ஷையும் பிறேக் ஹோஸையும் ஊதவைக்கும். அடுத்த முறை வெல்டிங் பிடிக்கும்போது புகையும் தீயும் அங்கிருந்துதான் வரும். பெட்டித் தரைக்கு மேல் 20 மி.மீ. வேப்பம் பலகைச் சட்டங்களை, அடியில் 10 மி.மீ. காற்றிடைவெளி விட்டு, கறள் பிடிக்காத போல்ற்றால் பூட்டினால் வெங்காய மூட்டையின் ஈரம் தகட்டில் தங்காது.

முன் சஸ்பென்சன்

இது சின்ன வேலை, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. மைனரின் முன்சில்லைத் தாங்குவது ட்ரனியன், சில்லு திரும்புவதற்கான மரையிணைப்பு. கிறீஸ் இல்லாமல் ஓடிய ட்ரனியனில் மரை தேய்ந்து, வளைவில் திருப்பும்போது கழன்று, சில்லு மடிந்து மட்காட்டுக்குள் போகும். கழற்றி, மரையைத் துடைத்து, ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புதிது போடவேண்டும், கடைச்சலில் திருத்தக்கூடாது. பூட்டியபின் 1500 கிலோமீற்றருக்கு ஒருதரம், சில்லை ஜக்கில் தூக்கி, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதுக் கிறீஸ் அடிக்கவேண்டும். பாரம் சில்லில் நிற்கும்போது அடித்தால் கிறீஸ் வேண்டிய பக்கத்துக்குப் போகாது.

எஞ்சின் பாரம் குறைந்ததால் முன்பக்கம் உயரும். மைனரின் ஸ்பிறிங் முறுக்குக் கம்பி. அதன் பின்முனைக் கையைப் பல்லில் மாற்றிப் பூட்டி உயரத்தைச் சரிசெய்யலாம். இதை எஞ்சின், ரேடியேற்றர், பற்றறி எல்லாம் ஏறிய பின்னரே செய்யுங்கள். கம்பியை இடம்வலம் மாற்றிப் போடக்கூடாது. ஒரு திசையில் முறுக்குப் பழகிய கம்பி மறுதிசையில் முறியும்.

பிறேக்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

பழைய அமைப்பில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய் வலை, கால்மிதியின் அழுத்தத்தை அதற்குள் அனுப்ப ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஒரு ஹோஸ் வெடித்தால் கால்மிதி தரைக்குப் போய்விடும். முன்பக்கம் 948 வண்டியில் 7 அங்குல ட்றம், 1098இல் 8 அங்குலம். 80 குதிரைவலுவுக்கு இரண்டும் போதாது. முன்னுக்கு டிஸ்க், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், இவை இல்லாமல் இந்த எஞ்சினைப் பூட்டவே கூடாது.

மைனர் சில்லின் துளைவட்டம் நான்கு ஆணி, 101.6 மி.மீ. டிஸ்க்கைத் தெரியும்போது 100 மி.மீ. வட்டமுள்ள யப்பான் டிஸ்க் அகப்படும். பார்வைக்கு ஆணி உள்ளே போவதுபோலத் தோன்றும். போல்ற்றை இறுக்கினால் டிஸ்க் 0.8 மி.மீ. ஒருபக்கமாக இழுபட்டு நடுங்கும். கடைச்சல் பட்டறையில் புதிய வட்டத்தில் துளையிட்டு, நடுத்துளையை ஹப்பின் தோளுக்கு இறுக்கமாகப் பொருத்திக் கடையவேண்டும். டிஸ்க்கை நடுவில் நிறுத்துவது அந்தத் தோள். ஆணிகள் இறுக்கிப் பிடிக்க மட்டும். பூட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் நிற்கவேண்டும்.

டிஸ்க்கை இறுக்கும் கலிப்பரின் தாங்கி 10 மி.மீ. மென்னுருக்குத் தகடு. 6 மி.மீ. தகட்டில் செய்தவற்றைப் பார்த்திருக்கிறோம். பிறேக் பிடிக்கும்போது அது வளைந்து, பிறேக் பாட் ஒருபக்கம் சரிவாகத் தேயும். போல்ற்றுகள் 10.9 தரம். தலையில் எண் இல்லாத போல்ற்றை இங்கே போடவேண்டாம்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடிக்குக் கீழே, சசிக் காலுக்குள் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ற்றை உருவப் போனால் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். கம்பியை ஒருதரம் இறக்கத்தான் வேண்டும். மீண்டும் பூட்டும்போது போல்ற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டால் அடுத்தமுறை கம்பியைத் தொடவேண்டியதில்லை.

இந்த இடத்தில் பலருக்கும் விளங்காத ஒரு சிக்கல் உண்டு. ட்றம் பிறேக்குக்குச் செய்த மாஸ்டர் சிலிண்டரின் வாயில், குழாய்க்குள் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். ட்றத்துக்கு அது நல்லது. பிறேக் சூவை உள்ளே இழுக்கும் ஸ்பிறிங்கை அந்த அழுத்தம் வெல்லாது. டிஸ்க்குக்கு இழுக்கும் ஸ்பிறிங்கே இல்லை. 10 பி.எஸ்.ஐ. நின்றால் பாட் எப்போதும் உராய்ந்து, யாழ்ப்பாண வெய்யிலில் பத்துக் கிலோமீற்றர் போவதற்குள் சில்லில் கை வைக்க முடியாது. எனவே முன் குழாயில் அந்த வால்வை அகற்றவேண்டும், பின் குழாயில் வைத்திருக்கவேண்டும்.

அகற்றியபின் மறுபக்கத்துப் பிழை தலைகாட்டும். மாஸ்டர் சிலிண்டர் கலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், வண்டி நிற்கும்போது பிறேக் எண்ணெய் மெல்லத் திரும்பி வடியும். காலையில் முதல் மிதி ஆழமாகப் போகும். தீர்வு இரண்டு: முன் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு போடலாம், அல்லது எண்ணெய்ப் புட்டியைத் தனியாகப் பிரித்து எஞ்சின் சுவரில், கலிப்பருக்கு மேல் உயரத்தில் வைத்து ஹோஸால் கீழே இறக்கலாம். இரண்டாவதே சிறந்தது. எண்ணெய் மட்டத்தைப் பார்க்கத் தரை விரிப்பைத் தூக்கவேண்டிய தொல்லையும் ஒழியும்.

குழாய் 4.75 மி.மீ. செப்பு நிக்கல் கலவை. வெறும் இரும்புக் குழாய் இந்தக் காற்றில் கிளிப்புக்கு அடியில் கறள் பிடித்துப் பொத்துப்போகும். முனை இரட்டை மடிப்பு. ஒற்றை மடிப்பு பிளக்கும். வெற்றுப் பெட்டியோடு ஓடும்போது பின்சில்லு முந்திக்கொண்டு பூட்டாதிருக்கப் பின் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு தேவை. அதைச் சரிசெய்ய மழையில் நனைந்த வெறுமையான தெருவில், மெதுவான வேகத்தில் பிடித்துப் பாருங்கள். முன்சில்லு முதலில் பூட்டவேண்டும். எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். காற்றின் ஈரத்தை அது குடிக்கும்.

இதே முறையை ஒஸ்ரின் ஏ40க்கு அப்படியே எடுத்துச் செல்லவேண்டாம். டெவன் காலத்து ஏ40இல் முன்பக்கம் எண்ணெய் பிறேக், பின்பக்கம் கம்பி. அங்கே முதலில் பின்பக்கத்தை எண்ணெய்க்கு மாற்றவேண்டும்.

எஞ்சினை இருத்தல்

மைனரை வரைந்த இசிகோனிஸ் முதலில் நினைத்தது கிடை நான்கு சிலிண்டர் எஞ்சின். அது கைவிடப்பட்டாலும் அதற்கென்று விட்ட அகலம் பொனற்றுக்குள் அப்படியே இருக்கிறது. பக்கவாட்டில் இடப் பிரச்சினை இல்லை. நீளம்தான் பார்க்கவேண்டியது.

உள்ளே எதுவுமில்லாத வெறும் புளொக், ஹெட், பெல்ஹவுசிங், கியர்பொக்ஸ் ஆகியவற்றை மட்டும் பூட்டி, சங்கிலியில் தொங்கவிட்டு அளவு பாருங்கள். எஞ்சின் சுவருக்கும் ஹெட்டின் பின்முனைக்கும் 30 மி.மீ., விசிறிக்கும் எஞ்சின் முன்கப்பிக்கும் 25 மி.மீ., சம்பின் (ஒயில் தட்டின்) அடிக்கும் தரைக்கும் 150 மி.மீ.க்குக் குறையாமல். மைனரின் ஸ்ரியறிங் ராக் எஞ்சினுக்குப் பின்னால் எஞ்சின் சுவரோடு இருக்கிறது. பெல்ஹவுசிங்கும் ஸ்ராட்டரும் அதற்குக் கிட்ட வருமா என்று ஸ்ரியறிங்கை இரு எல்லைக்கும் திருப்பிப் பாருங்கள். சைலன்சர் மனிபோல்ட் ஸ்ரியறிங் தண்டுக்கோ பிறேக் குழாய்க்கோ 50 மி.மீ.க்குள் வந்தால் நடுவில் வெப்பத் தகடு வேண்டும்.

கியர்பொக்ஸுக்குக் கீழுள்ள குறுக்குச்சட்டத்தைச் சிலர் இடைஞ்சல் என்று வெட்டி எறிகிறார்கள். அது சசியின் இரண்டு கால்களையும் பிடித்துவைத்திருக்கும் சட்டம். வெட்டினால் கதவு இடைவெளி மாறும். தேவையென்றால் அதைத் தாழ்த்தி, அதே தடிப்பில் மறுபடி செய்து போல்ற்றால் பூட்டவேண்டும். மவுண்ட் தாங்கிகள் 6 மி.மீ. தகடு. அவை சசியில் ஒட்டும் இடத்தில் 3 மி.மீ. பரப்புத் தகடு முதலில் ஒட்டி, அதன்மேல் தாங்கி. ரப்பர் சுசுகியினுடையதே இருக்கட்டும்.

சாய்வு முக்கியம். எஞ்சின் பின்பக்கமாக 3 பாகை தாழ்ந்தால், அக்சிலின் பினியன் மூக்கு அதே 3 பாகை மேலே நோக்கவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யூனிவேசல் ஜொயின்ற்றுகளின் அதிர்வு ஒன்றையொன்று அழிக்கும். 60ஐத் தாண்டியதும் தரையில் இரைச்சலோடு நடுக்கம் வந்தால் முதலில் இந்தச் சாய்வைத்தான் அளக்கவேண்டும். பட்டை ஸ்பிறிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம்.

மொறிஸின் பழைய ஷாஃப்டில் வழுக்குவது அதன் முன்முனை. கியர்பொக்ஸின் வாலுக்குள் அது வழுக்கி ஓடும். சுசுகியில் வால் பிளாஞ்ச் என்பதால் ஷாஃப்டுக்குள்ளேயே வழுக்கும் பல்லிணைப்பு வேண்டும். ஜிப்சியின் ஷாஃப்டில் அது உண்டு. அந்த முன்பாதியையும் மொறிஸின் பின்முனையையும் புதுக் குழாயில் ஒட்டிக் கடைச்சலில் நேராக்கி, பலன்ஸ் செய்விக்கவேண்டும். வண்டி பாரத்தோடு தரையில் நிற்கும்போது பல்லிணைப்பில் உள்ளே போக இன்னும் 25 மி.மீ. மிச்சம் இருக்கவேண்டும். இல்லையேல் பள்ளத்தில் விழும்போது ஷாஃப்ட் கியர்பொக்ஸின் பேறிங்கைக் குத்தும். கிளச் கேபிள் என்பதால் மொறிஸ் மிதிக்கு ஒரு கொழுக்கியும் எஞ்சின் சுவரில் ஒரு நிறுத்தியும் போதும்.

பெற்றோல்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இங்கே இன்னும் உண்டு. அவற்றின் பெற்றோல் தாங்கியின் அடியில் பிசின் போன்ற படிவு இருக்கும். கபிரேற்றர் அதை எப்படியோ சமாளித்தது. இன்ஜெக்டரின் துளை சமாளிக்காது. தாங்கியைத் திறந்து சுத்தப்படுத்த முடியாவிட்டால் புதிதாகச் செய்வியுங்கள்.

இன்ஜெக்சனுக்கு 2.5 முதல் 3 பார் அழுத்தம் வேண்டும். மொறிஸின் பழைய எஸ்.யூ. பெற்றோல் பம் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. மொறிஸ் தாங்கிக்குள் தடுப்புத் தகடு இல்லை. கால் தாங்கி பெற்றோலில் வளைவு திரும்பினால் பம் காற்றை உறிஞ்சும், எஞ்சின் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஒன்றரை லீற்றர் சிறு தாங்கி ஒன்றை நடுவில் வைத்து, சாதாரணப் பம்மால் அதை நிரப்பி, அழுத்தப் பம் அதிலிருந்து எடுக்கவேண்டும். மிச்சம் பெரிய தாங்கிக்குத் திரும்பும். ஹோஸ் இன்ஜெக்சனுக்கென்று எழுதப்பட்டதாக இருக்கட்டும். கபிரேற்றர் ஹோஸ் இந்த அழுத்தத்தில் வெடித்தால் சூடான மனிபோல்ட்டில்தான் பெற்றோல் தெளிக்கும். மோதலில் பம்மை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் போடவேண்டும்.

காற்று வடிகட்டியின் வாயை முன்சில்லுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம். வலிகாமத்துச் செம்மண் தூசி ஒரு மாதத்தில் அதை அடைத்துவிடும். ரேடியேற்றர் சட்டத்துக்கு மேல், உயரத்தில் வையுங்கள்.

தண்ணீர்

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எதுவோ அதுவே ரேடியேற்றருக்குள்ளும் படியும். கரையோரக் கிணறென்றால் சவர் வேறு. வார்ப்பிரும்பு எஞ்சின் இதைப் பல வருடம் பொறுத்தது. அலுமினியம் பொறுக்காது: உப்பு ஹெட்டின் தண்ணீர் வழிகளில் குழி பறித்து, காஸ்கெற் விளிம்பைத் தின்னும். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை "இன்றைக்கு மட்டும்" என்று ஊற்றுவதும் வேண்டாம். பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. முழு அமைப்புக்கும் 5 லீற்றருக்குக் கிட்ட வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு லீற்றர் கலவை இருக்கட்டும், வழியில் கிணறு தேடவேண்டி வராது.

வாங்கிய எஞ்சினுக்குள் ஏற்கெனவே படிவு இருந்தால், லீற்றருக்கு 40 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரை அரை மணி நேரம் மட்டும் ஓடவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசவேண்டும். ஒரு இரவு விட்டுவைத்தால் அமிலம் அலுமினியத்தில் வேலை தொடங்கிவிடும்.

பழைய மொறிஸ் ரேடியேற்றர் போதாது. ஜிம்னியின் ரேடியேற்றரை முன் கிறில்லுக்குப் பின்னால் சட்டம் அடித்து, அடியில் ரப்பர் வைத்து இருத்தலாம். 12 அங்குல மின்விசிறி எஞ்சின் பக்கமிருந்து இழுக்கும்படி, முழு முகத்தையும் மூடும் தகட்டுக்கூட்டோடு. கூடு இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்குள்ள காற்றை மட்டும் இழுக்கும். தேர்மோஸ்ரற்றை (தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேற்றருக்கு விடாத வால்வை) எடுத்துவிட்டு ஓடும் ஊர்ப்பழக்கம் இன்ஜெக்சன் எஞ்சினில் கூடாது. எஞ்சின் சூடேறவில்லை என்று கணினி நினைத்துப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். புகைப் பரிசோதனையில் தோற்பதற்கு அதுவே போதும். கபினுக்கு ஹீற்றர் தேவையில்லை என்றாலும் ஹீற்றர் வாய்கள் இரண்டையும் அடைக்காமல் ஒரு ஹோஸால் இணைத்துவிடுங்கள். அடைத்தால் ஹெட்டுக்குள் காற்று தங்கி, மானியில் ஒன்றும் காட்டாமலே ஹெட் வளையும்.

வயரிங்

மொறிஸ் பிறந்தது பற்றறியின் நேர்முனை உடலோடு சேர்ந்த வண்டியாக. சுசுகிக் கணினிக்கு எதிர்முனைதான் உடல். பற்றறியை மாற்றிப் பூட்டுவதற்கு முன் டைனமோ, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, பழைய கொயில், பழைய பம் எல்லாம் வெளியே போயிருக்கவேண்டும். லூக்கஸ் டைனமோ 22 அம்பியர் தந்தது. இன்ஜெக்சன் பம், விசிறி, முகவிளக்கு மூன்றும் ஒன்றாக எரிந்தாலே அது முடிந்துவிடும். சுசுகியின் ஒல்ரனேற்றரே இருக்கட்டும். துணி சுற்றிய பழைய வயரை முழுவதும் மாற்றுங்கள். அதன் காப்பு விரலால் நசித்தால் தூளாகும்.

எஞ்சின் வாங்கும்போது வயர்க்கட்டு, கணினி, ரிலே, பியூஸ் பெட்டி, சென்சர்கள் எல்லாவற்றையும் அதே வண்டியிலிருந்து வெட்டாமல் எடுக்கவேண்டும். இணைப்பியை வெட்டித் தந்த கட்டை வாங்கினால் ஒரு மாதம் போய்விடும். உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு சுசுகி வயரிங் மாறும். ஒரு ஆண்டின் கணினிக்கு இன்னொரு ஆண்டின் கட்டு பொருந்தாது.

எர்த் வயர்தான் பாதிப் பிரச்சினைக்கு வேர். பற்றறியிலிருந்து எஞ்சினுக்கு 25 சதுர மி.மீ., எஞ்சினிலிருந்து சசிக்கு அதே அளவு, கபினிலிருந்து சசிக்கு இன்னொன்று. கணினியின் எர்த் நேரே எஞ்சினில். பூச்சின்மேல் பூட்டிய எர்த் உப்புக்காற்றில் மூன்று மாதத்தில் பச்சை பிடிக்கும். தகட்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசவேண்டும். பம்முக்கு 15 அம்பியர் பியூஸ், விசிறிக்கு 30. பம் ரிலேயைக் கணினியே இயக்கட்டும். சாவியில் நேரடியாகக் கொடுத்தால் விபத்தில் எஞ்சின் நின்றபின்னும் பெற்றோல் பாயும்.

ட்ரான்ஸ்பர் கேஸைக் கழற்றியதன் விலை இங்கேதான் தெரியவரும். வேகமானியின் இழுவை அந்தக் கேஸில்தான் இருந்தது. இப்போது மானியும் ஓடாது, கணினிக்கும் வண்டியின் வேகம் தெரியாது. வேகம் தெரியாத கணினி, சந்தியில் கிளச் மிதித்து மெதுவாக்கும்போது எஞ்சினை அணையவிடும், சோதனை விளக்கையும் ஏற்றும். பலர் இதை ஐடில் மோட்டரின் (மிதிக்காதபோது எஞ்சினை அணையாமல் காக்கும் மோட்டரின்) குற்றம் என்று நினைத்து அதை மாற்றுகிறார்கள். கியர்பொக்ஸ் பிளாஞ்சில் நான்கு காந்தம் சமதூரத்தில் பதித்து, எதிரே காந்தம் கடப்பதை உணரும் ஹோல் சென்சர் வைத்துக் கணினிக்குச் சைகை கொடுத்தால் குறை தீரும். அதே சைகையில் மின்வேகமானியும் ஓடும். பழைய மொறிஸ் மானியின் முகத்தைக் காப்பாற்ற விரும்பினால் உள்ளே மோட்டர் வைத்து அதை ஓட்டலாம்.

முதல் ஓட்டம்

ரைமிங் பெல்ற்றின் வயது தெரியாது, ஆகவே புதியது போடவேண்டும். தண்ணீர்ப் பம்மையும் டென்சனரையும் அதோடு சேர்த்து மாற்றினால் பிறகு முன்பக்கத்தைத் திறக்கவேண்டியதில்லை. பெற்றோல் பம்மின் பியூஸைக் கழற்றி, பிளக்கையும் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரில் சுற்றுங்கள். பிறகு பியூஸைப் போட்டு, எஞ்சினை இயக்காமல் பெற்றோல் இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். அதன் பின்னரே இயக்கவேண்டும். விசிறி தானாக ஏறி இறங்குவதை இரண்டு முறை பார்க்கும்வரை வண்டி கொட்டிலை விட்டு வெளியே போகவேண்டாம்.

முதல் ஓட்டம் பண்ணைப் பாலத்தில். தரை மட்டம், இருபக்கமும் கடல், எதிர்க்காற்று. எஞ்சின் இழுக்கிறதா, ஷாஃப்ட் நடுங்குகிறதா என்பது அங்கே தெளிவாகத் தெரியும். திரும்பி வந்து நான்கு சில்லின் நடுவையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிறேக் உராய்கிறது. அடுத்தது வெய்யில் நேரத்தில் பேருந்து நிலையத்துச் சுற்றாடல். நின்று நின்று போகும் நெரிசலில்தான் ரேடியேற்றர் சோதிக்கப்படும். குடாநாட்டில் ஏற்றம் இல்லை என்பதால் கிளச்சைச் சோதிக்கப் பாரம் ஏற்றியே பார்க்கவேண்டும்: பெட்டியில் 250 கிலோ வைத்து ஆனையிறவு வரை போய் வாருங்கள்.

500 கிலோமீற்றரில் எஞ்சின் ஒயிலை மாற்றி, அக்சில் ஒயிலை வடித்துப் பாருங்கள். அதில் 0.85 லீற்றர்தான் இருக்கும். வெள்ளித் தூள்போல மினுங்கினால் பழைய பல் புதிய இழுவைக்குப் பழகுகிறது, இன்னொரு 500இல் மீண்டும் பார்த்தால் போதும். நகத்தில் அகப்படும் துண்டு வந்தால் அக்சிலைத் திறக்கவேண்டும். அக்சில் ஷாஃப்டின் பல்லடியில் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, பல்வரிசையின்மேல் நேர்விளிம்பு ஒன்றை வைத்தால் போதும். கோடு சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்டை மறுபடி உள்ளே விடவேண்டாம்.